டபுள் ரேட் பித்தளை கேஸ், மான் வேட்டைக்கு தேவையா?

போன இதழ்ல பித்தளை டீப் டிரா (தகட்டை பிரஸ்ல இழுத்து குழாய் மாதிரி ஆக்கற வேலை) பத்தி எழுதும்போது, பென்சில்வேனியாவுல இருக்கற என் அக்கா பையன் வேட்டை சீசனுக்கு தோட்டாவை வீட்லயே ரீலோட் பண்றான்னு ரெண்டு வரி சொல்லியிருந்தேன், அதை பிடிச்சுக்கிட்டு இந்த மாசம் நெறைய கேள்வி வந்துருச்சு. புள்ளைங்க அமெரிக்காவுல இருக்கறவங்க கேட்டிருக்கீங்க, அம்பத்தூர்ல பிரஸ் ஷாப் வச்சிருக்கறவங்க கேட்டிருக்கீங்க, கோவமாவும் ஒரு கடிதம் வந்திருக்கு. அதனால இந்த தடவை முழுக்க இதே விஷயம்தான்.

தெரியாதவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஒரு தோட்டாவுல நாலு பாகம். பித்தளை கூடு, அதைத்தான் கேஸ்னு சொல்றாங்க, அடியில சின்னதா நெருப்பு பொறி குடுக்கற பிரைமர், உள்ள மருந்து, அதாவது பவுடர், வாய்ல பறந்து போற புல்லட். சுட்டதும் மத்த மூணும் போயிடும், கேஸ் மட்டும் கைக்கு திரும்பி வரும். அந்த கேஸை மறுபடி சைஸ் பண்ணி, அதாவது விரிஞ்சதை டைக்குள்ள அமுக்கி பழைய அளவுக்கு கொண்டு வந்து, புது பிரைமர், மருந்து, புல்லட் வச்சா அதான் ரீலோடிங். நாலுல திரும்ப திரும்ப உழைக்கறது இந்த பித்தளை மட்டும்தான், அதனாலதான் அதுக்கு எவ்வளவு காசு போடலாம்னு சண்டையே வருது.

கேள்வி: என் மகன் டெக்சாஸ்ல கிரீன் கார்டுல இருக்கான். வருஷா வருஷம் நவம்பர்ல மான் வேட்டைக்கு போவான், .308 ரைஃபிள், தோட்டா அவனே ரீலோட் பண்றான். இப்போ லபுவானு ஒரு கம்பெனி கேஸ் நூறு வாங்கணும், 120 டாலர் ஆகும்ங்கறான். சாதா கம்பெனி கேஸ் அதுல பாதி விலைக்கு கிடைக்குதாம். பொறந்த நாளுக்கு நான் வாங்கி தரேன்னு சொல்லிட்டேன், ஆனா காசு வீணா போகுமோன்னு மனசு கேக்கல. உண்மையிலேயே தேவையா?
(ஒரு வாசகர், மேடவாக்கம்)

பதில்: ஸார், உங்க பையன் கேட்டது மட்டமான சரக்கு இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன். லபுவா ஃபின்லாந்து கம்பெனி, 1923-ல ஆரம்பிச்சது, ஊர் பேருதான் கம்பெனி பேரு. அதே வரிசையில ஸ்வீடன் நார்மா இருக்கு, அமெரிக்காவுலயே பீட்டர்சன், ஆல்ஃபா மாதிரி கம்பெனிங்க இருக்கு. சாதா வரிசைனா வின்செஸ்டர், ரெமிங்டன், ஃபெடரல், ஹார்னடி, ஸ்டார்லைன். சாதானு நான் சொல்றது விலையைத்தான், இதை வச்சு கோடிக்கணக்கான மான் அடிச்சிருக்காங்க.

காசு அதிகம் குடுத்தா என்ன கிடைக்குதுனா, ஒரு டப்பால இருக்கற நூறும் ஒண்ணுக்கொண்ணு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எடை கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், கழுத்து சுவர் சுத்தி வர ஒரே தடிமனா இருக்கும், அடியில நெருப்பு போற ஓட்டை பர் (ஓரத்து பிசிறு) இல்லாம நடு சென்டர்ல இருக்கும், பிரைமர் உக்காரற குழி கெட்டியா இருக்கும். கடைசியா சொன்னேனே, அந்த குழிதான் முக்கியம். கேஸோட ஆயுசை பெரும்பாலும் அதுதான் முடிவு பண்ணுது, குழி லூஸாயிட்டா பிரைமர் நிக்காது, கேஸ் அவ்வளவுதான். ஆக பிரீமியம் கேஸ்ல நீங்க வாங்கறது பெரும்பாலும் ஆயுசு, குறி தவறாம அடிக்கற சக்தி ஏதோ கொஞ்சம்தான் கூட வரும். இது என்னோட அபிப்பிராயம்தான், ஆனா அக்கா பையன் பக்கத்துல ரெண்டு சீசன் உக்காந்து பாத்துட்டு சொல்றேன்.

இப்போ கணக்கு போடுவோம். 120 டாலருக்கு வாங்கின நூறு கேஸ் ஒவ்வொண்ணும் பத்து தடவை தாங்குதுனு வச்சுக்குவோம், ஆயிரம் சுடல், ஒரு சுடலுக்கு 12 சென்ட். 60 டாலர் கேஸ் நூறு, ஒவ்வொண்ணும் அஞ்சு தடவைதான் தாங்குதுனு குறைச்சே பிடிங்க, 500 சுடல், அதுவும் 12 சென்ட்தான். அப்போ ரெண்டும் ஒண்ணுதானே, நல்லதையே வாங்கிடலாமேனு தோணும், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா உங்க பையன் வருஷத்துக்கு எத்தனை சுடுவான்? சீசனுக்கு முன்னாடி ரைஃபிள் சைட் (குறி பாக்கற கருவி) சரியா இருக்கானு பாக்க, கொஞ்சம் பழக, அப்பறம் காட்டுல ஒண்ணோ ரெண்டோ, எல்லாம் சேத்து அம்பதுனு வைங்க. சாதா கேஸ் நூறே அவனுக்கு பத்து வருஷம் வரும். பிரீமியம் இருபது வருஷம். கூட போட்ட அந்த 60 டாலர் அவனுக்கு திரும்ப ஆரம்பிக்கறதே பதினோராவது வருஷத்துலதான் ஸார். அதுக்குள்ள ரைஃபிள் மாத்தியிருப்பான், வேற கேலிபருக்கு (தோட்டா அளவுக்கு) போயிருப்பான், வீட்டு வேலை, குழந்தை குட்டினு வேட்டையே நின்னு போயிருக்கலாம்.

குறி விஷயத்தையும் பாத்துடுவோம். டெக்சாஸ்ல வெள்ளை வால் மான் பெரும்பாலும் 100, 150 கெஜத்துக்குள்ளதான் அடிக்கறாங்க. மானோட நெஞ்சுக்கூட்டுல இதயமும் நுரையீரலும் இருக்கற இடம் சுமாரா எட்டு இன்ச், நம்ம டிஃபன் தட்டு அளவு. நல்ல கேஸ் போட்டதால 100 கெஜத்துல குரூப், அதாவது சுட்ட ஓட்டைங்க பரவற அகலம், கால் இன்ச் சுருங்கினாலே பெரிய விஷயம், 200 கெஜத்துக்கு அது அரை இன்ச். எட்டு இன்ச் தட்டுல அரை இன்ச். அதே நேரம் குளிர்ல நடுங்கிட்டு, மரத்துல சாஞ்சுக்கிட்டு, மூச்சு வாங்க சுடறவனுக்கு கையால மட்டும் மூணு நாலு இன்ச் ஆடும். மேஜையில மணல் மூட்டை வச்சு சுடும்போது தெரியற வித்தியாசம் காட்டுல எங்கயோ கரைஞ்சு போயிடுது. வேட்டைக்காரனோட கடமை அந்த மிருகம் துடிக்காம உடனே சாகணும்ங்கறதுதான், அதுக்கு பழக்கம்தான் உதவும், அந்த 60 டாலரை புல்லட்டுக்கும் பவுடருக்கும் போட்டு இன்னும் நாப்பது அம்பது தடவை ஒக்காந்து, முட்டி போட்டு, நின்னுனு சுட்டு பழகச் சொல்லுங்க, அதை மனசார சொல்றேன்.

அப்போ யாருக்குத்தான் தேவைனு கேப்பீங்க. மேற்கு பக்கம் வெட்டவெளியில 400 கெஜம் தாண்டி எல்க் மாதிரி பெரிய மிருகம் அடிக்கறவங்களுக்கு தேவைதான், ஏன்னா அந்த தூரத்துல ஒரு தோட்டாவுக்கும் இன்னொண்ணுக்கும் வேகம் மாறினா மேல கீழ விழுந்துடும். மேக்னம்னு சொல்ற, மருந்து ஜாஸ்தி பிடிக்கற கேலிபர்ல அழுத்தம் ஜாஸ்தி வச்சு சுடறவங்களுக்கும், கோடை முழுக்க வாரா வாரம் ரேஞ்சுக்கு போய் அதே கேஸை பத்து பதினஞ்சு தடவை ஓட்டறவங்களுக்கும் போட்ட காசு திரும்ப வரும். இன்னொரு கூட்டம் இருக்கு, நேரமே இல்லாதவங்க. சாதா கேஸ் மூட்டையில வரும்போது கழுத்து நசுங்கியிருக்கும், சைஸ் பண்ணணும், நீளம் பாத்து வெட்டணும், .308-க்கு அதிகபட்சம் 2.015 இன்ச்தான் இருக்கலாம், ஓட்டையில பர் எடுக்கணும், எடை போட்டு ரொம்ப விலகி நிக்கறதை தள்ளி வைக்கணும். ரெண்டு மூணு சாயங்காலம் போயிடும். வேலைக்கு போய்ட்டு வந்து ரெண்டு குழந்தையை பாத்துக்கறவனுக்கு அந்த சாயங்காலத்தோட மதிப்பு 60 டாலருக்கு மேல, அதை நான் வீண்னு சொல்ல மாட்டேன். ஆனா பிரீமியம் டப்பாவையும் அப்படியே பிரிச்சு போட்டுட முடியாது, கழுத்தை ஒரு தடவை நேராக்கி வாயோட ஓரத்தை சரிவா சீவி சாம்ஃபர் பண்ணித்தான் ஆகணும்.

ஒரு விஷயம், தயவு செஞ்சு பையன்கிட்ட போன் பண்ணி சொல்லுங்க. எந்த கேஸ் வாங்கினாலும் பழைய மருந்து அளவை அப்படியே புது கேஸ்ல போடக்கூடாது. வெளி அளவு ஒண்ணா இருந்தாலும் சுவர் தடிமன் கம்பெனிக்கு கம்பெனி மாறும், கனமான கேஸ்ல உள்ள இடம் கம்மி, இடம் கம்மினா அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். அக்கா பையன் இதைத்தான் பண்ணான். .30-06 ரைஃபிளுக்கு விலை ஒசந்த கேஸ் வாங்கினான், நாலு வருஷமா போட்டுட்டு இருந்த அதே அளவை போட்டான், ரேஞ்சுல மூணாவது சுடலுக்கு போல்ட்டை (ரைஃபிளோட பின் பூட்டு) தூக்கவே முடியல, உள்ளங்கையால தட்டி தூக்கினான். கேஸ் அடியை பாத்தா காலி கேஸை வெளிய தள்ளற எஜெக்டரோட அச்சு பளிச்சுனு பதிஞ்சிருக்கு, அழுத்தம் அளவு மீறினதுக்கு அடையாளம். நல்ல வேளை அங்கயே நிறுத்திட்டான், மீதி எல்லாத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டு போய் புல்லட்டை உருவிட்டு, புத்தகத்துல இருக்கற ஆரம்ப அளவுல இருந்து மறுபடி ஏறி வந்தான். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதனால என் தீர்ப்பு, வருஷத்துக்கு அம்பது சுடற மான் வேட்டைக்காரனுக்கு பிரீமியம் கேஸ் தேவையில்ல. கடையில வாங்கற ரெடிமேட் தோட்டாவை சுட்டுட்டு அந்த காலி கேஸையே, ஒரே கம்பெனி ஒரே லாட்டா சேத்து வச்சுக்கிட்டா போதும், அதுக்கு தனி காசே இல்ல. பரிசுதான் தரணும்னா நல்ல கேலிப்பர் (நீளம், தடிமன் அளக்கற கருவி), அதோட கேஸோட தோள்பட்டை, அதாவது உடம்பு கழுத்தா குறுகற சரிவு, அது எங்க இருக்குனு அளவு பாக்கற கேஜ் ஒண்ணு வாங்கி தாங்க ஸார், எந்த கேஸ் போட்டாலும் அது கூட வரும்.

கேள்வி: நான் அம்பத்தூர் எஸ்டேட்ல 20 வருஷமா டை வேலை பாக்கறேன். பித்தளைன்னா பித்தளைதானே, செம்பு 70 துத்தநாகம் 30. அப்பறம் ஒரு கேஸ் ஒசத்தி ஒரு கேஸ் மட்டம்னா எங்க வித்தியாசம் வருது?
(ஒரு வாசகர், கொரட்டூர்)

பதில்: நம்ம ஆளு கேள்வி! நானும் அதே எஸ்டேட்ல முப்பது வருஷம் பிரஸ்ல நின்னவன்தான், அதனால மனசு விட்டு சொல்றேன். கலவை எல்லாருக்கும் ஒண்ணுதான், 70-30, அதுக்கு பேரே கார்ட்ரிட்ஜ் பிராஸ்தான். வித்தியாசம் கலவையில இல்ல, எங்க எவ்வளவு கெட்டி, எங்க எவ்வளவு மெத்துங்கறதுல இருக்கு.

ஸ்ட்ரிப்ல இருந்து வட்டமா வெட்டறாங்க, கப் அடிக்கறாங்க, அப்பறம் டிரா மேல டிரா. ஒவ்வொரு டிராவுக்கும் பித்தளை இறுகும், நடுவுல அனீல் பண்ணலைனா, அதாவது சூடு காட்டி இளக்கலைனா, கிழிஞ்சுடும், உங்களுக்கு தெரியாததா. நம்ம ஊர்ல குடம் தட்டறவங்க பாதி தட்டிட்டு உலையில காய்ச்சி மறுபடி தட்டறது இதே காரணத்துக்குத்தான். கடைசியில அடிப்பக்கத்தை பஞ்ச்ல குத்தி வேணும்னே இறுக வைக்கறாங்க, அதுலதான் பிரைமர் குழி உக்காருது. கழுத்தையும் தோளையும் மட்டும் திரும்ப சூடு பண்ணி மெத்துனு ஆக்கறாங்க. ஆக ரெண்டு இன்ச் நீளத்துக்குள்ள அடி கல்லு மாதிரி, கழுத்து இளக்கமா, நடுவுல படிப்படியா மாறி வரணும். இதை ஒரு கேஸ்ல கொண்டு வந்துடலாம், லட்சம் கேஸ்லயும் அதே மாதிரி கொண்டு வரதுதான் கஷ்டம், டூல் தேயும், ஸ்ட்ரிப் தடிமன் ஆடும், ஃபர்னஸ் சூடு ஏறி இறங்கும். டூல் தேய்ஞ்சதும் உடனே மாத்தறவனுக்கும் இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்ங்கறவனுக்கும் இடையில இருக்கற வித்தியாசத்துக்குத்தான் அந்த டபுள் ரேட். நம்ம எஸ்டேட்ல இல்லாத வித்தியாசமா இது?

எதுக்கு இவ்வளவு மெனக்கெடறாங்கனா, கார் டயர்ல 32 பிஎஸ்ஐ காத்து அடிக்கறோம், .308 தோட்டாவுக்கு அனுமதிச்ச அதிகபட்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. டயரை விட 1,900 மடங்கு. அந்த ஒரு கணத்துல கழுத்தும் உடம்பும் விரிஞ்சு சேம்பர் (துப்பாக்கியில தோட்டா உக்காரற அறை) சுவரோட ஒட்டி காஸ் பின்னாடி வராம அடைக்கணும், அடுத்த கணமே கொஞ்சம் சுருங்கி வெளிய வர வழி விடணும். இரும்புலயும் அலுமினியத்துலயும் கேஸ் பண்ணிருக்காங்க, ஆனா விரிஞ்சு சுருங்கி மறுபடி மறுபடி வேலைக்கு வரதுல பித்தளைக்கு ஈடு வரல.

இதுல நம்ம நாட்டுக்கதை ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல பட்டாளத்து தோட்டாவை மழைக்காலத்துல குதிரை லாயத்துல அடுக்கி வச்சிருக்காங்க. எடுத்து பாத்தா பித்தளை கேஸ் தானா வெடிப்பு விட்டிருக்கு, யாரும் சுடல, யாரும் தட்டல. ரொம்ப காலம் காரணம் தெரியாம சீசன் கிராக்கிங்னு பேர் வச்சிருந்தாங்க, மழை சீசன்ல வரதால. 1921-லதான் மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் காரணத்தை எழுதினாங்க: குதிரை மூத்திரத்துல இருந்து வர அமோனியாவும், டிரா பண்ணும்போது பித்தளைக்குள்ள தங்கிப்போன இழுவிசையும் சேந்தா வெடிக்கும். வைத்தியம் அனீலிங்தான். இன்னிக்கு கேஸ் கழுத்துல நீலமும் பழுப்புமா சூடு பட்ட கறை தெரியுதே, அது அனீல் பண்ண அடையாளம். சில கம்பெனி அதை பாலிஷ் போட்டு எடுத்துடும், சிலது அப்படியே விட்டுடும், கறையை பாத்து செகண்ட் ஹேண்ட்னு நெனச்சுடாதீங்க.

அதே காரணத்துக்குத்தான் ரீலோட் பண்றவங்க அமோனியா கலந்த பித்தளை பாலிஷ் எதையும் கேஸ் மேல போடக்கூடாதுனு சொல்றது. பளபளனு வரும், உள்ளுக்குள்ள பித்தளை வீக்காயிடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் எச்1பி விசாவுல நார்த் கரோலினாவுல இருக்கார். ஆபீஸ் ஃபிரண்ட் ஒருத்தர் வேட்டைக்கு கூப்பிடறார், கூடவே ரீலோடிங்கும் கத்து தரேன், முதல்ல காலி கேஸ் வாங்கி வைனு சொல்றாராம். காலி கேஸ்தானே, தப்பில்லையே?
(ஒரு வாசகி, தாம்பரம்)

பதில்: அம்மா, இதை கேட்டதுக்கு ரொம்ப நன்றி, ஏன்னா இங்கதான் நம்ம பசங்க தெரியாம மாட்டிக்கறாங்க. அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல அம்யூனிஷன்னா முழு தோட்டா மட்டும் இல்ல, காலி கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் நாலும் தனித்தனியாவே அதுல சேத்தி. அதோட எச்1பி, மாணவர் விசா, டூரிஸ்ட் விசா மாதிரி நான்-இமிகிரன்ட் விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ அம்யூனிஷனோ வச்சிருக்கறது 922-ங்கற பிரிவுப்படி குற்றம். ஆக விசாவுல இருக்கறவருக்கு ஒரு பை காலி பித்தளை கூட பிரச்சனை ஆகலாம்.

விதிவிலக்கு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஏதாவது ஒரு மாநிலம் முறையா குடுத்த வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா அந்த தடை பொருந்தாது. லைசென்ஸ் நடப்புல இருக்கணும், காலாவதி ஆனது செல்லாது. அதனால முதல்ல வேட்டை பாதுகாப்பு கோர்ஸ், அப்பறம் லைசென்ஸ், அதுக்கப்பறம்தான் கடை. அவங்க மாநிலத்துக்குனு தனி சட்டமும் இருக்கும், ஒரு இமிகிரேஷன் வக்கீல்கிட்ட அரை மணி நேரம் காசு குடுத்து கேட்டுக்கட்டும். ஃபிரண்டு நல்ல மனுஷனாத்தான் இருப்பார், ஆனா அவர் சிட்டிசன், இந்த சட்டம் அவரை தொடவே தொடாது, அதனால அவருக்கு ஞாபகமே வராது. நான் டூரிஸ்ட் விசாவுல போயிருந்தப்போ அக்கா பையன் பெஞ்ச் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து மணிக்கணக்கா பாத்தேன், நோட்டுல எழுதினேன், ஒரு கேஸை கூட கையில எடுக்கல. பித்தளையிலயே வாழ்ந்தவனுக்கு அது கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா சட்டம்னா சட்டம்.

கேள்வி: கிண்டியில மானை பாத்தே வளந்தவள் நான். மானை சுடறதுக்கு எந்த பித்தளை நல்லதுனு ஒரு பத்திரிகையில எழுதறது உங்களுக்கு உறுத்தலையா?
(ஒரு வாசகி, அடையாறு)

பதில்: உங்க கோவம் எனக்கு புரியுதும்மா. நானும் ராஜ்பவன் வேலி ஓரமா புள்ளி மானுக்காக என் பொண்ணை தோள்ல தூக்கிட்டு நின்னவன். இங்க 1972-ல வன உயிர் பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, 1991 திருத்தத்துல வேட்டையை இன்னும் இறுக்கி மூடினாங்க, அது சரியான முடிவுனு முழு மனசோட நம்பறேன், நம்ம காட்டுல மிச்சம் இருக்கறது கொஞ்சம்.

அங்க நிலைமை வேற. ஓநாயும் பூமாவும் பல மாநிலத்துல இல்லாமலே போயிடுச்சு, மான் பெருகி பயிரையும் இளங்காட்டையும் மேயுது, ரோட்ல கார்ல அடிபட்டு சாகுது. எத்தனை அடிக்கலாம், எந்த தேதியில அடிக்கலாம்னு மாநில அரசு கணக்கு வச்சு லைசென்ஸ் குடுக்குது. 1937-ல இருந்து பிட்மன்-ராபர்ட்சன்னு ஒரு சட்டம் இருக்கு, ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி, அந்த காசு மாநிலங்களோட வன உயிர் வேலைக்கு போகுது. அக்கா பையன் அடிக்கற ஒரு மான் கறி அவங்க வீட்ல மாசக்கணக்கா வரும், எதையும் வீணாக்கறதில்ல. இதை கேட்டு நீங்க மனசு மாறணும்னு நான் எதிர்பாக்கல. ஆனா அடிக்கறவன் சரியா அடிக்கணும், காயம்பட்ட மான் காட்டுக்குள்ள ஓடி மூணு நாள் கிடந்து சாகக்கூடாது, அந்த அக்கறையிலதான் இந்த பக்கத்தை எழுதறேன்.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவுல இருந்து பொங்கலுக்கு வரார். சுட்ட காலி கேஸ் ரெண்டு கீ செயின் பண்ண கொண்டு வரேங்கறார். கொண்டு வரலாமா? அப்படியே இன்னொண்ணு, ரைஃபிள் கிளப்ல இருக்கற நான் இங்க ரீலோட் பண்ண முடியுமா?
(ஒரு வாசகர், நங்கநல்லூர்)

பதில்: ரெண்டுக்கும் வேண்டாம் தம்பி. நம்ம 1959 ஆயுத சட்டத்துல அம்யூனிஷனுக்கு குடுத்திருக்கற விளக்கத்துல தோட்டாவோட பாகங்களும் வருது, அதை தயாரிக்கற மெஷினும் வருது. மீனம்பாக்கத்துல ஸ்கேனர்ல காலி கேஸ் தெரிஞ்சா அதிகாரிக்கு அது கீ செயின் இல்ல. பையை பிரிப்பாங்க, போலீஸ் வரும், அண்ணன் பொங்கலுக்கு வீட்ல இருக்க மாட்டார், வழக்கு நின்னுதா நிக்கலையாங்கறது அப்பறம் கோர்ட்ல பாக்கற விஷயம். பழைய கோட் பாக்கெட்ல, வேட்டைக்கு கொண்டு போன பையோட மடிப்புல ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும், கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தலைகீழா உதறி பாக்கச் சொல்லுங்க, முடிஞ்சா வேட்டைக்கு போன பையையே எடுத்துட்டு வர வேண்டாம்.

ரீலோடிங்குக்கும் இங்க தயாரிப்பு லைசென்ஸ் இல்லாம கை வைக்கக்கூடாது, அதே சட்டத்தோட 5-வது பிரிவு. கிளப் மூலமா கிடைக்கற தோட்டாவை வச்சு பழகுங்க. பிரஸ் மெஷினை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி பாக்கலாமேனு கூட யோசிக்காதீங்க.

கேள்வி: தம்பி குடும்பம் மிச்சிகன்ல. தம்பி ஒரே கேஸை எத்தனை தடவை வேணா போடலாம்ங்கறான், எனக்கு பயமா இருக்கு. ஒரு கேஸ் செத்துப்போச்சுனு எப்படி தெரியும்? கழுவறதுக்கு புளி போதுமானு வேற கேக்கறான்.
(ஒரு வாசகி, பெரம்பூர்)

பதில்: புளியில இருந்தே ஆரம்பிக்கறேன். அங்க நெறைய பேர் சிட்ரிக் ஆசிட் கொஞ்சமா கரைச்ச தண்ணியிலதான் கழுவறாங்க, நம்ம புளியும் அந்த குடும்பம்தான், வேலை செய்யும். ஆனா புளியில நார், சக்கை இருக்கு, அது அடி ஓட்டையில போய் உக்காந்துடும், அதனால சிட்ரிக் ஆசிட்டே வாங்கிக்கட்டும். ரொம்ப நேரம் ஊறப்போட்டா பித்தளை ரோஸ் கலர்ல வெளுக்கும், துத்தநாகம் கரையுதுனு அர்த்தம், அஞ்சு பத்து நிமிஷம் போதும். அப்பறம் நல்ல தண்ணியில அலசி, உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்லாம காய வைக்கணும்.

எத்தனை தடவைங்கறதுக்கு நம்பர் கிடையாதும்மா. அழுத்தம் கம்மியான .30-30 தோட்டாவுக்கு அதிகபட்சம் 42,000 பிஎஸ்ஐ, .270-க்கு 65,000, ரெண்டு கேஸும் ஒரே மாதிரி தேயாது. அதோட பெரும்பாலான கேஸை கொல்றது துப்பாக்கி இல்ல, சைஸ் பண்றவன் கை. தோளை தேவைக்கு மேல பின்னாடி தள்ளினா, சேம்பருக்கும் கேஸுக்கும் நடுவுல இடைவெளி வரும், சுடும்போது கேஸ் அந்த இடைவெளிக்கு நீளும், மறுபடி தள்ளுவான், மறுபடி நீளும், நாலு அஞ்சு தடவையில அடிக்கு கொஞ்சம் மேல சுவர் மெலிஞ்சு போயிடும். ஒரு இன்ச்சை ஆயிரமா பிரிச்சா அதுல ரெண்டு பங்கு தள்ளினா வேட்டைக்கு போதும், தூசி பட்டாலும் தோட்டா தடையில்லாம உள்ள போகும். மேடவாக்கம் ஸாருக்கு கேஜ் வாங்கச் சொன்னது இதுக்குத்தான். 120 டாலர் கேஸா இருந்தாலும் தப்பா சைஸ் பண்ணா 60 டாலர் கேஸை விட சீக்கிரம் செத்துடும்.

தம்பியை ஒவ்வொரு தடவையும் மூணு இடம் பாக்கச் சொல்லுங்க. கழுத்துல மயிரிழை மாதிரி நெடுக்கு வெடிப்பு இருக்கா, அது வந்தா அனீல் பண்ணாம விட்டிருக்கான்னு அர்த்தம், நாலு அஞ்சு சுடலுக்கு ஒரு தடவை கழுத்தை மட்டும் முறையா சூடு பண்ணா தள்ளிப்போடலாம், அடிப்பக்கத்துக்கு சூடு ஏறவே கூடாது, அடி இளகினா ஆபத்து. பிரைமர் குழியில புது பிரைமர் பெருவிரல்ல அமுக்கினாலே உள்ள போகுதா, அப்படினா முடிஞ்சது. மூணாவதுதான் முக்கியம், அடியில இருந்து ஒரு விரல் மேல சுத்தி பளபளனு ஒரு வளையம் தெரியுதா பாக்கணும். சந்தேகமா இருந்தா ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியை மட்டும் கொக்கியா வளைச்சு, கேஸ் உள்ள விட்டு சுவரை தடவி மேல இழுக்கணும், பள்ளம் இருந்தா கொக்கி தட்டுப்படும். அந்த கேஸ் அடுத்த சுடல்ல ரெண்டா பிரியலாம், காஸ் முகத்துக்கு வரலாம்.

ஒரு டப்பால ஒண்ணு அப்படி கிடைச்சா, அதே வயசு கேஸ் மீதி எல்லாத்தையும் கொக்கி விட்டு பாக்கணும். செத்ததை சும்மா குப்பையில போடாம பிளையர்ல கழுத்தை நசுக்கிட்டு பழைய பித்தளைக்கு போடச் சொல்லுங்க, நசுக்கலைனா யார் கண்ணுலயாவது பட்டு மறுபடி டப்பாக்குள்ள வந்துடும்.